வீழ்ந்தவரைக் கண்டு நகைக்கலாமா?

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் தூர் மலையிலிருந்து திரும்பி வந்தபோது தம் சமூகத்தார் காளைக் கன்றை வணங்கி வழிகெட்டுப் போயிருந்ததைக் கண்டார்கள். பொறுப்பை ஒப்படைத்துச் சென்ற சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பற்றித் தம் பக்கம் இழுத்தார்கள். அவ்வேளையில் ஹாரூன் (அலை) அவர்கள் கூறிய மறுமொழியை சூரத்துல் அஃராஃபின் 150ஆவது ஆயத்தில் அல்லாஹு தஆலா எடுத்துரைக்கிறான். மக்கள் தம்மைப் பலவீனராகக் கருதிக் கொல்லவும் முற்பட்டதைச் சொல்லிவிட்டு, பகைவர்கள் தம்மைக் கண்டு மகிழும்படி செய்துவிட வேண்டாம் என்று தம் உடன்பிறந்தாரிடம் அவர்கள் வேண்டிக் கொண்டார்கள். தலையும் தாடியும் பிடிபட்டிருந்த அந்த நேரத்திலும் அவர்கள் மனத்தை உறுத்தியது பகைவரின் சிரிப்பே.

பிறர் துன்பத்தைக் கண்டு அடைகிற இந்த மகிழ்ச்சிக்கு அரபியில் 'ஷமாத்தத்' என்று பெயர். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய காரியங்களுள் இதுவும் ஒன்று. சோதனையின் கடுமை, துர்ப்பாக்கியம் வந்து பிடித்தல், தீய விதி ஆகிய மூன்றோடு பகைவரின் ஷமாத்தத்தையும் சேர்த்து அவர்கள் பாதுகாவல் கேட்டதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் ஹதீஸ் வந்திருக்கிறது. ஒருவன் விழும்போது படும் அடி ஒரு முஸீபத் என்றால், விழுந்ததைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள் கைகொட்டுவது இன்னொரு முஸீபத். நபிமார்களே பாதுகாவல் தேடிய ஒன்றைப் பிறருக்கு நாம் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு விடை எளிது என்று வாசகர்கள் எண்ணலாம். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்து விடலாமே என்பர். ஆனால் விழுந்தவர் மீதும் கொஞ்சம் தவறு இருந்தால்? அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவராக இல்லாவிட்டால்? நமக்குப் பிடிக்காத கூட்டத்தின் செல்லப் பிள்ளையாக இருந்தால்? அங்கே தான் நம் நஃப்ஸு ஆயிரம் நியாயங்களைத் தேடிக் கொண்டு வருகிறது. இதை விளங்கிக் கொள்ள அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கொள்வோம். 2022ஆம் ஆண்டில் அது ஆவணப் படமாக வெளிவந்தது. கைப்பேசி உள்ள வீடுகளில் எல்லாம் இன்று அதைப் பார்க்க முடியும். நம் பிள்ளைகளில் சிலர் பார்த்தும் இருப்பர்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மோதித் தரையில் வீழ்த்துவதுமே அதில் பெரும்பகுதி. அங்கே பல்கலைக் கழக அணிகளுக்கு இருக்கும் மதிப்பு நம் நாட்டார் நினைத்துப் பார்க்க முடியாதது. மிஷிகன் பல்கலைக் கழகத் திடலில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருகிறார்கள். பாட்டனார் படித்த கல்லூரி, தந்தை படித்த கல்லூரி என்று அணிப்பாசம் பரம்பரையாக இறங்குகிறது. அதோடு பகையும் சொத்தைப் போல இறங்குகிறது. இன்ன அணியைப் பிடிக்காது என்றால் ஏன் பிடிக்காது என்று கேட்கக் கூடாது. வாப்பாவுக்கும் பிடிக்காது, அவ்வளவுதான்.

மான்டை டேயோ என்பவர் ஹவாய்த் தீவில் வளர்ந்த, சமோவா வம்சாவளியைச் சேர்ந்த இளைஞர். மார்மன் மதத்தவர். இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தின் அணியில் 2009 முதல் 2012 வரை ஆடினார். எதிரணியினரைத் தடுத்து வீழ்த்தும் இடத்தில் ஆடுபவர். அவ்வணியை நேசிப்பவர்கள் எவ்வளவோ, அவ்வளவு பேர் அதை வெறுப்பவர்களும் உண்டு.

2012 செப்டம்பரில் அவருடைய பாட்டியார் காலமானார். ஏறக்குறைய அதே வேளையில், அவர் நேசித்து வந்த பெண்ணும் இரத்தப் புற்று நோயால் இறந்து விட்டதாகச் செய்தி வந்தது. அந்தத் துக்கத்தோடு செப்டம்பர் 15 அன்று அவர் ஆடினார். அவருடைய அணி மிஷிகன் ஸ்டேட் அணியை 20க்கு 3 என்ற கணக்கில் வென்றது. அடுத்த வாரம் மிஷிகனோடு ஆட்டம். ஹவாய் நாட்டு வழக்கப்படி மாலைகளைக் கழுத்தில் அணிந்து கொண்டு நோட்டர் டேம் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திடலுக்கு வந்து அவருடைய துக்கத்தில் பங்கு கொண்டனர். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இக்கதையை நாடெங்கும் கொண்டு சென்றன. அணி தோல்வியே காணாமல் 12 ஆட்டங்களை வென்றது. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் டேயோ இரண்டாம் இடம் பெற்றார். 2013 ஜனவரி 7 அன்று நடந்த இறுதிப் போட்டியில் மட்டும் அலபாமா அணியிடம் 42க்கு 14 என்று நோட்டர் டேம் தோற்றது. அத்தோடு அவருடைய கல்லூரி ஆட்டம் முடிந்தது.

ஒன்பது நாட்கள் கழித்து, ஜனவரி 16 அன்று, அந்தப் பெண் இறக்கவில்லை என்பதை டெட்ஸ்பின் என்ற விளையாட்டு ஏடு வெளிப்படுத்தியது. இறக்கவில்லை என்றால் உயிரோடு இருக்கிறாள் என்று பொருள் அல்ல. அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை! வேறொருவர் புனைந்த பெயர். யாரோ ஒரு பெண்ணின் படம், அதுவும் அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொண்டது. தொலைபேசியில் ஒரு குரல். இதைச் செய்தவர் பின்னர் தொலைக்காட்சியில் ஒப்புக் கொண்டார். டேயோ அந்தப் 'பெண்ணை' ஒருநாளும் நேரில் கண்டதில்லை. எல்லாம் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் வளர்ந்த பழக்கம். மஹ்ரம் அல்லாத பெண்ணோடு இரவு பகலாகத் தொலைபேசியில் உறவாடுவது பற்றி ஷரீஅத் என்ன சொல்லும் என்பது வாசகர்கள் அறிந்ததே. அதை இங்கே விரிக்கவில்லை. எடுத்துக் கொண்ட பொருள் வேறு.

டேயோ மீதும் தவறு இருந்தது. பார்க்காத பெண்ணைப் பார்த்ததாகத் தன் தந்தையிடம் பொய் சொல்லியிருந்தார். வெட்கத்தினால் அப்படிச் செய்ததாக அவரே பின்னர் கூறினார். டிசம்பர் 6 அன்று 'இறந்த' பெண்ணிடமிருந்தே தொலைபேசி வந்தது. அதன் பிறகும் சில நாட்கள் பேட்டிகளில் அவளை இறந்தவளாகவே பேசினார். டிசம்பர் 26 அன்றுதான் பயிற்சியாளர்களிடம் விஷயத்தைச் சொன்னார். ஆகவே அவரைக் குற்றமே இல்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 21 வயது இளைஞன், ஏமாற்றப்பட்டான். ஏமாந்ததை மறைக்கப் பார்த்தான். நடந்தது அவ்வளவே.

பிறகு நாடு என்ன செய்தது? நோட்டர் டேமைப் பிடிக்காத அணிகளின் ரசிகர்களுக்குப் பெருநாள் வந்தது போல் ஆயிற்று. வெறும் காற்றின் தோளில் கை போட்டுக் கொண்டு, பக்கத்தில் யாரோ இருப்பது போல் சிரித்துப் படம் எடுத்துக் கொள்வது ஒரு விளையாட்டாகவே பரவியது. அதற்கு அந்த இளைஞரின் பெயரையே வைத்தனர். கென்டக்கி மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் என்ற ஊரில் உள்ள ஒரு பேஸ்பால் அணி, 2013 மே மாதத்தில் தன் ஆட்டத்திற்கு வருபவர்களுக்கு 'டேயோவின் காதலி' தலையாட்டிப் பொம்மை தருவதாக அறிவித்தது. பெட்டி கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. அதுதான் நகைச்சுவை! வேறு விளையாட்டு, வேறு ஊர், அந்த இளைஞருக்கும் அவர்களுக்கும் எந்த வழக்கும் இல்லை. இருந்தும் அவனுடைய அவமானம் நுழைவுச் சீட்டு விற்க உதவியது.

அவ்வாண்டு ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றிலேயே போவார் என்று பலர் கணித்திருந்த அவர் இரண்டாம் சுற்றில், 38ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். இறுதிப் போட்டியில் அவர் சரியாக ஆடாததும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லி விடுவது நியாயம். பல ஆண்டுகள் கழித்து வந்த ஆவணப் படத்தில், தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய காலத்தில் திடலில் நிற்கும்போதே உடல் மரத்துப் போகும் அளவுக்குத் தான் பதற்றத்தால் அவதிப்பட்டதை அவர் சொன்னார். காலிப் பெட்டியை வாங்கிக் கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் அதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

இங்கே ரசிகர்கள் ஒரு நியாயம் சொல்லக்கூடும். 'அவன் பொய் சொன்னான். பொய்யனைப் பார்த்துத்தானே சிரித்தோம். உண்மையின் பக்கம் நின்றோம்' என்பார்கள். இந்த வாதத்தை உரசிப் பார்க்க வேண்டும். உண்மையின் மீது பற்று என்றால், தன் அணியின் ஆட்டக்காரனுக்கு இதே நிலை வந்திருந்தாலும் இதே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்திருக்குமா? மாலை அணிந்து வந்தவர்கள் அவனுக்காகச் சாக்குகளைத் தேடினார்கள். மாற்றணியினர் அவனுக்கு எந்தச் சாக்கும் இல்லை என்றார்கள். இரு சாராருக்கும் கிடைத்த செய்தி ஒன்றே. வேறுபட்டது சட்டையின் நிறம். நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்று சூரத்துன் னிஸாவின் 135ஆவது ஆயத் ஏவுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்து விடக் கூடாது என்று சூரத்துல் மாயிதாவின் 8ஆவது ஆயத் தடுக்கிறது. பாசத்தால் வருகிற கோணலும் வெறுப்பால் வருகிற கோணலும் அல்லாஹ்வின் தராசில் கோணல் தான்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். செய்தி வந்தால் தீர விசாரித்துக் கொள்ளும்படி சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுவதை நாம் அறிவோம். அதைக் கெட்ட செய்திக்கு மட்டும் உரியதாக நாம் வைத்துக் கொண்டிருக்கிறோம். டேயோவின் கதையைப் பரப்பிய பெரும் பத்திரிகைகள் விசாரிக்கத் தவறியது அது இனிப்பாக இருந்த காலத்தில்தான். அப்பெண் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் படித்தவள் என்று எழுதினார்கள். அங்கே அப்படி ஒரு மாணவி இருந்ததற்குப் பதிவே இல்லை. இறந்தாள் என்று எழுதினார்கள்; இறப்புப் பதிவு இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்து கொண்டிருக்கக்கூடிய விஷயம். கண்ணீர் வரவழைக்கும் கதையை யாரும் சந்தேகிக்க விரும்பவில்லை. தூக்கி வைத்தபோது விசாரிக்காதவர்கள்தாம் கீழே போட்டபோதும் உரக்கக் கத்தினார்கள். தாங்கள் ஏமாந்ததற்கான கோபத்தையும் அந்த இளைஞன் தலையிலேயே இறக்கி வைத்தார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

விளையாட்டும் போட்டியும் கூடாதவை என்று யாரும் கருதிவிட வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது, அம்பெய்யும் போட்டி நடந்தது. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டியிடுவதைக் கண்ட ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், ஒரு தரப்பாரின் பக்கம் தாம் இருப்பதாகச் சொல்லி ஊக்கினார்கள். உடனே மறு தரப்பார் கையை நிறுத்திக் கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, தாங்கள் அந்தப் பக்கம் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், தாம் எல்லோருடனும் இருப்பதாகச் சொல்லித் தொடர்ந்து எய்யச் சொன்னார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பு உண்டாகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தார் மனம் ஒடிகிறது என்று கண்ட கணமே அவர்கள் அந்தச் சாய்வை விட்டு விட்டார்கள். போட்டி நின்று போகவில்லை.

அதே கிரந்தத்தில் இன்னொரு செய்தி. பெருமானாருடைய 'அள்பா' என்ற ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்தி விட்டார். ஸஹாபாக்களுக்கு அது மனத்தாங்கலாகி விட்டது. அவர்கள் முகங்களைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், துன்யாவில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்தி விடுவது அல்லாஹ்வின் வழமை என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். வென்ற கிராமவாசியின் மீது ஒரு குறைச் சொல்லும் இல்லை. தோற்றவர்களுக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. இதையே புரட்டிப் பார்த்தால், மாற்றான் தாழும்போது நாம் ஆட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? இன்று அவனைத் தாழ்த்திய அதே வழமை நாளை நம் வாசலுக்கு வர எந்தத் தடையும் இல்லை. சகோதரனின் துன்பத்தில் மகிழ்ச்சியை வெளிக்காட்ட வேண்டாம், அல்லாஹ் அவனுக்கு அருள் செய்துவிட்டு உன்னைச் சோதனையில் ஆழ்த்தி விடக்கூடும் என்னும் கருத்தில் திர்மிதீயில் வருகிற ஹதீஸும் இதையே எச்சரிக்கிறது.

'அந்த ஹதீஸ் சகோதரனைப் பற்றியது. இந்த டேயோ முஸ்லிம் அல்லவே' என்று யாரேனும் கேட்கலாம். கேட்கத்தான் செய்கிறார்கள், பிற மதத்தார் விஷயத்தில் நாக்கைக் கட்ட வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் உண்டு. ஆதமுடைய மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தியிருப்பதாக பனீ இஸ்ராயீல் சூராவில் சொல்லும்போது அதில் மதம் பிரிக்கப்படவில்லை. யூதர் ஒருவருடைய ஜனாஸா கடந்தபோது எழுந்து நின்ற நபிகளாரிடம் அது யூதரின் ஜனாஸா என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்ற பொருளில் அவர்கள் பதில் தந்தார்கள். நம்மோடு சமாதானமாக வாழும் மாற்று மதத்தவரைப் புறம் பேசி நோவினை செய்வது கூடாது என்று ஹனஃபி, ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் எழுதியிருக்கின்றனர். நீதி தவறாதே என்ற கட்டளையோ நாம் வெறுக்கிற கூட்டத்தாரைப் பற்றியே இறங்கியது. பிடித்தவர்களுக்கு நீதி செய்ய வேதம் வேண்டியதில்லையே.

இனி இதைவிடக் கடினமான இடத்துக்கு வருவோம். விழுந்தவர் உண்மையிலேயே பெருங் குற்றவாளியாக இருந்தால் என்ன செய்வது?

குடித்துவிட்டு வந்த ஒருவர் நபிகளாரின் சமூகத்தில் கொண்டு வரப்பட்டார். தண்டனை வழங்கப்பட்டது, கையாலும் செருப்பாலும் துணியாலும் அடித்தார்கள். அவர் திரும்பிச் செல்லும்போது கூட்டத்தில் சிலர், அல்லாஹ் உன்னை இழிவுபடுத்துவானாக என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்ய வேண்டாம் என்று கண்டித்தார்கள். தண்டனை குறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குற்றம் குற்றம் தான். ஆனால் தண்டனைக்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டுவதற்கு வேடிக்கை பார்ப்பவர்களுக்கு உரிமை தரப்படவில்லை. டேயோவின் சிறு பொய்க்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதித்திருக்காது. கூட்டம் விதித்த தண்டனைக்கோ அளவும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சியும் அதே நாட்டுக் கல்லூரி ஆட்டத்தில் நடந்திருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக் கழகத்தில் ஒரு காலத்தில் ஆட்டக்காரராகவும், பின்னர் நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராகவும் இருந்த ஜெரி சாண்டஸ்கி என்பவர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக 2012 ஜூன் மாதம் 45 குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பானார். அவர் சிறை சென்றது கண்டு ஒருவர் மகிழ்ந்தால் அது ஷமாத்தத் ஆகாது. அநியாயக்காரனின் கை கட்டப்பட்டதற்கும், சிறுவர்கள் காப்பாற்றப்பட்டதற்கும் மகிழ்வது ஈமானின் குணம். ஃபிர்அவ்ன் மூழ்கிய நாளுக்கு நன்றியாக நாம் ஆஷூரா நோன்பு நோற்கவில்லையா? ஆனால் மாற்றணி ரசிகர்கள் அந்தக் கொடுமையையே பென் ஸ்டேட் அணியைச் சீண்டும் கேலிப் பேச்சாக ஆக்கியபோது அது வேறாகி விட்டது. அங்கே அழுத சிறுவர்களின் கண்ணீர், எதிரணியைக் குத்துவதற்கு ஓர் ஈட்டி முனையாகப் பயன்பட்டது. அநீதி ஒழிந்ததற்கு மகிழ்பவன் அநீதிக்கு உள்ளானவனை முதலில் நினைப்பான். ஷமாத்தத் கொண்டவனுக்கு அவன் நினைவே வராது. எதிரியின் முகம் எப்படிச் சுருங்கியது என்பதுதான் அவன் கண்ணில் நிற்கும். தன் உள்ளத்தில் எழுந்தது எது என்று அறிய விரும்புபவர் இதை வைத்தே பார்த்துக் கொள்ளலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் ஹஸதைப் பற்றிப் பேசும்போது, பொறாமையும் ஷமாத்தத்தும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்கிறார்கள். அடுத்தவனுக்கு நன்மை வந்தால் வருந்துவது பொறாமை. தீமை வந்தால் மகிழ்வது ஷமாத்தத். ஒரே நோயின் இரண்டு முகம். முஃமின்களுக்கு ஒரு நன்மை நேர்ந்தால் வருந்துவதும், தீங்கு நேர்ந்தால் மகிழ்வதும் அவர்களுடைய பகைவர்களின் குணம் என்று ஆலு இம்ரான் சூராவில் அல்லாஹ் அடையாளம் காட்டுகிறான். டேயோவின் பெயர் விருதுப் பட்டியலில் ஏறியபோது எரிந்த நெஞ்சங்கள்தாம் ஜனவரியில் குளிர்ந்தன. அவன் புகழ் பெறாத சாதாரண மாணவனாக இருந்து இதே மோசடியில் சிக்கியிருந்தால், கேட்டவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

'பிடிக்காதவன் விழுந்தான் என்று கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி தானாக வருகிறதே, அதற்கு நான் என்ன செய்வேன்?' என்று நேர்மையாகக் கேட்பவரும் உண்டு. மனத்தில் தோன்றி மறையும் எண்ணங்களைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காத வரை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்து விட்டதாக ஹதீஸில் நன்மாராயம் வந்திருக்கிறது. வருகிற எண்ணத்திற்காக ஒருவர் கலங்க வேண்டியதில்லை. அதை உட்காரவைத்து விருந்து படைப்பதுதான் பிழை. அடுத்தவரிடம் சொல்லிச் சிரிப்பதும், படம் எடுத்து அனுப்புவதும், இன்னும் ஏதாவது வெளிவராதா என்று தேடிக் கொண்டிருப்பதும் அந்த விருந்துகள். துருவித் துருவி ஆராய்வதை ஹுஜுராத் சூரா தனியே தடுத்திருக்கிறது. கேலி செய்யப்படுபவர் கேலி செய்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று அச்சூராவின் 11ஆவது ஆயத் காரணமும் சொல்லியிருக்கிறது. அங்கே ஆண்களைப் பற்றிச் சொன்ன பிறகு பெண்களைப் பற்றியும் தனியாகச் சொல்லப்பட்டிருப்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க ரசிகர்களைப் பற்றி இவ்வளவு எழுதுவது அவர்களைத் திருத்துவதற்காக அல்ல. அவர்கள் இந்த ஏட்டைப் படிக்கப் போவதில்லை. நம் மஹல்லாக்களில் கால்பந்து அணிகள் இல்லாமல் இருக்கலாம். ஜமாஅத் தேர்தல் இருக்கிறது. இரு பிரிவாகப் போன பள்ளிவாசல்கள் இருக்கின்றன. பாகப் பிரிவினையில் பேச்சு நின்று போன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு முத்தவல்லியின் மகனைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அதே நிமிடத்தில் எத்தனை கைப்பேசிகள் ஒலிக்கின்றன! சம்பந்தம் முறிந்தது, கடை நொடித்தது, பிள்ளை தேர்வில் தவறினான் என்று கேட்டால், 'அல்லாஹ் காட்டிவிட்டான்' என்று ஒரு சொல் வருகிறதே, அதில் அல்லாஹ்வின் பெயர் இருப்பதால் அது திக்ரு ஆகிவிடாது. ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட இட்டுக்கட்டை நாவுகளால் வாங்கி வாங்கிப் பரப்பியவர்கள் அதை இலேசாக எண்ணினார்கள் என்றும், அல்லாஹ்விடம் அது மகத்தானது என்றும் சூரத்துன் நூரில் வந்திருக்கிறது. மதீனாவில் அது நாவிலிருந்து நாவுக்குப் போக ஒரு மாதம் ஆயிற்று. இன்று ஒரு இரவு போதும்.

அப்படியானால், ஏற்கனவே பரிகாசம் செய்து விட்டவர் என்ன செய்ய வேண்டும் என்ற மஸ்அலா மீதமிருக்கிறது. புறம் பேசிய செய்தி உரியவரைச் சென்று சேரவில்லை என்றால் மனம் வருந்தித் தௌபா செய்வதும், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுவதும், எந்த சபையில் இழிவாகப் பேசினாரோ அதே சபையில் அவருடைய நல்ல குணத்தைச் சொல்வதும் போதும் என்று உலமாக்களில் ஒரு சாரார் கூறியுள்ளனர். செய்தி அவரைச் சென்று சேர்ந்திருந்தால் அவரிடமே மன்னிப்புக் கேட்டு ஹலாலாக்கிக் கொள்ள வேண்டும். அவர் இறந்து விட்டாலோ, அடைய முடியாத தூரத்தில் இருந்தாலோ இஸ்திக்ஃபாரையும் நற்செயல்களையும் அதிகப்படுத்த வேண்டும். பிற மதத்தவர் விஷயத்தில் அவருக்கு நேர்வழி வேண்டி துஆச் செய்வதும், செய்த தீங்கைத் தன்னால் ஆனவரை துடைப்பதும் கடமை. பரிகாசப் படங்களை அனுப்பியவர் முதலில் தன்னிடமுள்ளதை அழிக்க வேண்டும். யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்களிடம் சொல்லி அழிக்கச் செய்ய வேண்டும். அவர்கள் வேறு பலருக்கு அனுப்பியிருந்தால் அது அவர் கைக்கு எட்டாது. தீய வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைத்தவருக்கு, அதைப் பின்பற்றியவர்களின் பாவம் குறையாமலேயே அதில் பங்கு உண்டு என்று முஸ்லிம் ஷரீஃபில் வந்திருக்கிறது. அது எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கு அனுப்பியவரிடம் இராது. எழுதும் மலக்குகளிடம் இருக்கும்.

2022 செப்டம்பரில் டேயோ தன் பழைய பல்கலைக் கழகத் திடலுக்குத் திரும்பிச் சென்றார். கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது. பத்தாண்டுகள் ஆகியிருந்தன.